இருளாண்டி படம் உள்ளே வரமாட்டேன் என்கிறது

சிவகாசி
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்

அன்பும் அடக்கமும் கம்ப்யூட்டர் அறிவும் ஒருங்கே அமைந்த என் அக்காள் மகன் கதிரவனுக்கு, தாய்மாமன் ஆண்டிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை பொன்னுத்தங்கம், புதிதாக வாங்கிய வெள்ளாடு மூவரும் இருக்கிற சுகத்தில் இருக்கிறோம். மதுரையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கேடு வராமல் வேலை பார்க்க நம் அய்யனார் துணை நிற்கட்டும். போனில் சொன்னால் நீ “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுகிறாய். ஆகையால், பிரஸ்ஸில் பக்கம் போடுகிற சாப்ட்வேரிலேயே இதை டைப் அடித்து, பிடிஎப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து அடித்தால் சாப்ட்வேர் சமர்த்தாகத்தான் இருக்கிறது. படத்தை உள்ளே இழுத்தால்தான் செத்துப்போகிறது.

விஷயம் இருளாண்டியைப் பற்றியது. உன் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றினானே, என்னோடு சேர்ந்து ஐந்தாம் வகுப்பில் பெயிலானவன், அவன்தான். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறை வெடித்து, போய்ச் சேர்ந்துவிட்டான். இன்றோடு பத்து நாள். ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி சண்முகத்தாய் துணி மேலேயே தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதி. பத்திரிகை புதன்கிழமை மதியத்துக்குள் அச்சாகி ஊருக்குள் போயாக வேண்டும். அதில் அவன் முகம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. ஆனால் அவன் போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் ஓடுகிற ஆள். வீட்டு செல்போனில் இருப்பதெல்லாம் அவன் முதுகும் முழங்கையும்தான். முகம் என்று இருப்பது கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டிய ஸ்டாம்பு அளவுப் படம் ஒன்றே ஒன்று. அதிலும் தாடை மேல் ஊதா மையில் கம்பெனி முத்திரை.

சண்முகத்தாய் அட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். “யண்ணே, கருப்பா விழுந்தாலும் பரவாயில்ல, அவுக மாதிரி இருந்தாப் போதும்” என்றாள். நான் விடுவேனா? “தாயி, விருதுநகர் ஜில்லாவுல கலர் பிரிக்கத் தெரிஞ்சவன் மூணே பேரு, அதுல ரெண்டு பேரு செத்துப்போனாக. இருளாண்டிய நான் உசுரோட கொண்டாந்து நிப்பாட்டுதேன், போ” என்று சொல்லி அனுப்பினேன். ஜப்பான்காரன் ஒருவன் நான் போட்ட மத்தாப்பு டப்பா டிசைனைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட கதை உனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட கை இது.

ஸ்கேனரில் இஞ்சுக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று நம்பர் கேட்கும். லேபிளுக்கெல்லாம் ஏதோ ஒன்றைப் போடுவோம், இருளாண்டிக்குக் குறைத்துப் போட மனது வரவில்லை, இருந்ததிலேயே பெரிய நம்பரைப் போட்டேன். அது போதாது என்று வந்த படத்தை இன்னும் நாலு மடங்கு பெரிசாக்கினேன். முத்திரை மையை ஒவ்வொரு புள்ளியாக இரண்டு நாள் உட்கார்ந்து அழித்தேன். பைல் ஒன்றரை ஜிபி ஆகிவிட்டது. பிறகு பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து இம்போர்ட் கொடுத்தேன். நெற்றி வந்தது, புருவம் வந்தது, கண் வருகிற நேரத்துக்குப் பொசுக்கென்று சாப்ட்வேர் மொத்தமாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. இப்படியே நாற்பது தடவை. மூடும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு வரி வருகிறது, எங்கள் முதலாளி மகள் சுமைராவைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டேன். எதிர்பாராத காரணத்தால் நின்றுவிட்டது என்று போட்டிருக்கிறதாம். பட்டாசுக் கம்பெனிக்காரர்களும் போலீஸில் இதையேதான் எழுதிக்கொடுத்தார்கள்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. பைல் பெயரில் ‘இருளாண்டி நல்ல படம் பெரிசு கடைசி’ என்று தமிழில் இருந்ததால் கோபமோ என்று வெறும் 1 என்று மாற்றினேன். பென்டிரைவிலிருந்து இழுப்பது பிடிக்கவில்லையோ என்று உள்ளே காப்பி செய்தேன். படத்தின் சாதியை மாற்றினேன், அதாவது ஜேபெக்கை டிஃப் ஆக்கினேன். கம்ப்யூட்டர் கலரிலிருந்து அச்சுக் கலருக்குக் கொண்டுபோனேன். எழுத்துருக்கள் கூடிப்போச்சு என்று எவனோ சொன்னான், நாலாயிரத்தில் மூவாயிரத்தைத் தூக்கினேன், அதில் எங்கள் முதலாளியின் விசிட்டிங் கார்டு எழுத்தும் போய்விட்டது. சாப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பக்கத்து பிரஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அதுவும் போய்விட்டது, அவர்கள் என்னோடு பேசுவதில்லை. மொத்தம் நூற்றி நாலு தடவை மூடியிருக்கிறது மருமகனே, எண்ணி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. என் கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரிப் பக்கம் எல்லாமே வெடி லேபிள்தான். அதிலே ஒன்றை எடுத்துத்தான் பத்திரிகைக்கு அளவு மாற்றியிருந்தேன். முதலாளி பீர் முகைதீன் பாய் வந்து, படம் வரவேண்டிய கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அண்ணே, கட்டத்துக்குப் பின்னால பூச்சட்டி வாணம் பொரியுது. கீழ என்ன போட்டுருக்கீக, படிங்க.” படித்தேன். இருளாண்டி பேருக்குக் கீழே, ‘கொளுத்தியதும் தள்ளி நிற்கவும்’ என்று இருந்தது. அவரே மவுஸை வாங்கி அதை அழித்தார். பிறகு, “மிஷின புதன்கிழம காலைல உங்களுக்குன்னே சும்மா நிப்பாட்டி வைக்கேன். படம் வரலைன்னா எல்லாரும் போடுற மாதிரி ஒரு குத்துவெளக்கப் போட்டு அடிச்சிருவமாண்ணே?” என்றார்.

அதை நான் சண்முகத்தாயிடம் சொல்லியிருக்கக் கூடாது. தினமும் காலையில் பிரஸ் வாசலுக்கு வந்து நிற்கிறாள், உள்ளே வருவதில்லை. இன்றைக்கும் வந்தாள். “தாயி, மிஷினு மக்கர் பண்ணுது, வெளக்குப் படம் போட்டுருவமா?” என்றேன். “வெளக்கப் பாத்து நான் எதுக்குண்ணே அழணும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

ஆகவே மருமகனே, உன் ஆபீஸில் இருக்கிற பெரிய மூளைகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, ஒன்றரை ஜிபி படத்தை மூடாமல் உள்ளே கொண்டுவருவது எப்படி என்று நாளைக்குள் கேட்டு எழுது. மாமன் யார், எப்பேர்ப்பட்ட ஆள் என்பதையும் கூடவே சொல்லிவை, பயந்து ஒழுங்காகச் சொல்வார்கள். உன் பெண்டாட்டிக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் என் ஆசிகள். நெடுங்காலம் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் தாய்மாமன்,
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: ஆபீஸில் யாரிடமும் கேட்க வேண்டாம். மிஷின் தானாக மூடியது முதல் நாள் ஐந்து தடவைதான். ரெண்டு இஞ்சுப் படத்துக்கு முந்நூறு புள்ளி போதும் என்பது நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா. வெள்ளிக்கிழமையே குறைத்துவிட்டேன், படம் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மூடினதெல்லாம் நான். ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் காட்டாமல் கட்டிக் கொடுத்த முகம், இங்கே திரை நிறைய என்னை மட்டும் பார்க்கிறது. அதன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து ‘காலமானார்’ என்று அடிக்க எனக்குக் கை வரவில்லை. நாளை சாயங்காலம் கிளம்பி வந்துவிடு. தேதியும் அந்த ஒரு வார்த்தையும் அடித்து, பிரிண்ட் கொடுத்தால் போதும், வேறு ஒன்றும் தெரிய வேண்டாம். நான் வெளியே டீக்கடையில் இருப்பேன். சண்முகத்தாய் கேட்டால், மதுரையிலிருந்து என் மருமகன் வந்து மிஷினைச் சரிபண்ணினான் என்று சொல்லிக்கொள்கிறேன்.