திலகா அக்காவின் பிரஷரும் என் ஞாபகசக்தியும்

பொறாமை இடுப்பில் வரும் நாரிப்பிடிப்பைப் போன்றது. நம் பாட்டில் நடந்து திரியும்வரை அது இருப்பதே தெரியாது. பக்கத்தில் நிற்பவர் நம்மைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறாரே என்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் சுரீர் என்று பிடிக்கும். எனக்கு அது என் மச்சாள் அபிராவைப் பார்த்துப் பிடித்தது. (இன்னும் முழுதாய் விடவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

அபிரா என் கணவரின் தங்கை, சுவிஸில் பிறந்தவள். நானும் அவளும் வெவ்வேறு மருத்துவமனைகளில் தாதிகளாக இருந்துகொண்டே ஒரே மேற்படிப்பைப் படித்தோம். நோயாளியைத் தானே விசாரித்து, தானே சோதித்து, குடும்ப வைத்தியரோடு பேசிச் சிகிச்சையை முடிவுசெய்யும் தாதி ஆவதற்கான படிப்பு அது. நேர்ஸ் பிராக்டிஷனர் என்பார்கள். (என் மாமி அதை ‘அரை டொக்டர்’ என்று சுருக்கிவிட்டார்.) ஆனால் படித்தால் மட்டும் போதாது. ஒரு குடும்ப வைத்தியர் தன் கிளினிக்கில் நம்மைச் சேர்த்துப் பழக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரேயொரு இடம்தான் வந்தது, லுட்சேர்ன் நகருக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில், ஒரு பெண் வைத்தியரிடம். இருவரும் விண்ணப்பித்தோம். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், ஒரு கதிரை.

இந்த நாட்டில் வேலை தருமுன் ஒருநாள் கூப்பிட்டு, வேலை செய்யவிட்டுப் பார்ப்பார்கள். அபிராவின் நாள் செவ்வாய், என்னுடையது வியாழன். செவ்வாய் மாலையே அவள் போன் எடுத்தாள்.

“அண்ணி, பயப்பிடாதேங்கோ. டொக்டர் நல்ல மனுசி. நீங்கள் நல்லாச் செய்வியள்.”

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது, முதல் பந்தியில் இருந்து எழும்பினவர் ‘சோறு இன்னும் கிடக்கு, இருங்கோ’ என்று சொன்னது போலக் கேட்டது.

அன்று இரவு முழுக்க அவளையும் என்னையும் தராசில் வைத்துப் பார்த்தேன். அவள் சுவிஸ் ஜேர்மன் கதைத்தால் கிழவர்கள் சொந்தப் பேத்தியைக் கண்டதுபோல் உருகுவார்கள். நான் கதைப்பது தொலைக்காட்சிச் செய்தி ஜேர்மன். பிழையிருக்காது, ஆனால் யாரும் உருகியதில்லை. அவள் ஊசி போட்டால் நோகாதாம். (நான் போட்டால் ‘பரவாயில்லை’யாம்.) கடைசியில் எனக்கு ஒரு துரும்புச் சீட்டு கிடைத்தது: தமிழ்! அபிராவின் தமிழ் இரவல் வாங்கிய சைக்கிள் மாதிரி, பிரேக் எங்கே, பெல் எங்கே என்று தேடித் தேடித்தான் ஓடும். எனக்கோ தமிழ் மட்டுமல்ல, தமிழரும் தெரியும். நான் வரலாறு வாசிப்பவள். எந்த மன்னன் எந்த ஆண்டு முடிசூடினான் என்று தேடித்தேடி மனத்தில் வைப்பது என் பொழுதுபோக்கு. மன்னர்கள் தீர்ந்துபோனதும் சுவிஸ் தமிழரில் இறங்கினேன். யாருக்கு எப்போது கலியாணம், யார் எந்த மாதம் பிறந்தார், யார் வீட்டுச் செத்தவீட்டில் மழை பெய்தது, எல்லாம் என் நாவில். இதை அபிராவால் எட்டவே முடியாது.

வியாழக்கிழமை என் முதல் நோயாளியே தமிழ் அக்கா. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். திலகா அக்கா, தலைச்சுற்று என்று வந்திருந்தார். (சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். சொந்தப் பெயரையே போடச் சொன்னார். நான்தான் போடவில்லை. எனக்கும் புத்தி வந்திருக்கிறது.) கூடவே கணவர் கனகு அண்ணையும், மொழிபெயர்க்க என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் நிரோஷனும். வைத்தியர் மூலையில் ஒரு முக்காலியில் அமர்ந்து என்னைக் கவனித்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

“தம்பி, நீங்கள் மொழிபெயர்க்கத் தேவையில்லை” என்று கையமர்த்திவிட்டுத் தொடங்கினேன். தலைச்சுற்று எப்போது வந்தது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

“அக்கா, நீங்கள் கனகு அண்ணையின்ரை மனுசியல்லோ! உங்கட கலியாணத்துக்கு நான் அம்மாவோடை வந்தனான். நாங்கள் சுவிசுக்கு வந்த புதிசு, பள்ளிக்கூடப் பெட்டை அப்ப. ஓகஸ்ட் மாசம், ஊரிலை நல்லூர்த் திருவிழா நேரம். மண்டப வாசலிலை வெள்ளம்.”

“ஐயோ, ஓம் பிள்ளை! என்ன ஞாபகம்!” திலகா அக்காவின் முகம் மலர்ந்தது. கனகு அண்ணை கதிரையை முன்னே இழுத்தார். மூலையில் வைத்தியர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது. அபிராவுக்கு இப்படி ஆட்டியிருப்பாரா? இன்னும் ஒன்று எடுத்து விட்டேன்.

“அடுத்த பெப்ரவரியிலை தம்பி பிறந்தவர். அண்டைக்குச் சிவராத்திரி!”

நிரோஷன் கூரையைப் பார்த்தான். பிறகு விரல்களைப் பார்த்தான்.

“அம்மா, ஓகஸ்ட்டிலை கலியாணம், பெப்ரவரியிலை நான். ஆறு மாசந்தானே வருது?”

“டேய், கோயில் கலியாணந்தான்ரா ஓகஸ்ட்” என்று பாய்ந்தார் கனகு அண்ணை. “எழுத்து முன்னமே முடிஞ்சுது.”

“எழுத்தெண்டா?”

“ஸிவில்! கந்தோரிலை கையெழுத்து வைக்கிறது. ஊரிலையிருந்து சனம் வர விசா கிடைக்கேல்லை, அதாலை கோயில் பிந்தினது.”

“ஓகே அப்பா. ஸிவில் எப்ப?”

கனகு அண்ணை கண்ணை மூடி யோசித்தார். “ஒக்டோபர்.”

“அது ஓகஸ்ட்டுக்குப் பிறகெல்லோ?”

“முந்தின வருசத்து ஒக்டோபரடா! இல்லை, மார்ச்சோ... குளிராய்க் கிடந்தது.”

“கட்டின நாள் தெரியாத மனுசன்!” திலகா அக்காவின் குரல் ஏறியது. “ஒருக்காலாவது ஞாபகம் வச்சிருந்தால் இண்டைக்கு இந்தக் கேள்வி வருமோ?”

கனகு அண்ணை நீரில் விழுந்தவர் கரையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீர் சொல்லும். எங்கட எழுத்து எப்ப?”

எனக்குத் தெரியாது. அத்தனை பேரின் திகதிகளும் தெரிந்த எனக்கு அந்த ஒன்று தெரியாது. மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன கதைக்கிறீர்கள்?” என்று வைத்தியர் ஜேர்மனில் கேட்டார்.

“குடும்ப வரலாறு எடுக்கிறேன்” என்றேன்.

“நல்லது” என்றார் அவர்.

தப்பிக்கும் வழியாகப் பிரஷர் பார்க்கும் பட்டியை எடுத்துத் திலகா அக்காவின் கையில் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூறு! என்ன சொல்வது, எனக்குள் ஒரு சந்தோஷம். அபிராவின் நாளில் இப்படியொன்று வந்திருக்காது. எழுந்து நின்று, செய்தி ஜேர்மனில், “இது அவசர நிலை” என்று அறிவித்தேன்.

வைத்தியர் திலகா அக்காவின் முகத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “நீங்கள் சற்று வெளியில் நில்லுங்கள்” என்றார் என்னிடம்.

நின்றேன். கதவுக்கு அப்பால் நிரோஷன் சுத்தமான லுட்சேர்ன் பேச்சில் நடந்ததை எல்லாம் மொழிபெயர்த்துக் கொடுப்பது கேட்டது. பிறகு வைத்தியர் சிரிப்பது கேட்டது. அதன்பின், பெரிய கொடுமை, திலகா அக்காவும் சிரிப்பது கேட்டது. திரும்பி உள்ளே போனபோது பிரஷர் நூற்று முப்பத்தைந்து.

“சிலருக்கு வெள்ளை அங்கியைக் கண்டால் ஏறும்” என்றார் வைத்தியர். “உங்களுக்கு அங்கியே தேவையில்லை.”

சரி, இனியாவது ஒழுங்காகக் கேட்போம் என்று திலகா அக்காவின் அருகே அமர்ந்து, “அக்கா, தலைச்சுற்று எப்ப துடங்கினது? வேறை ஏதும் குளிசை போடுறியளோ?” என்றேன்.

அவர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“குறை நினையாதையும் பிள்ளை. செவ்வாய்க்கிழமை இரத்தம் எடுத்த பெட்டையிட்டைச் சொல்லுறன். அதுக்குத் தமிழ் வடிவாய் வராது. எங்களை ஆரெண்டும் தெரியாது. எனக்கு அதுதான் நல்லம்.”

என் ஒரே துரும்பும் அங்கே முடிந்தது.

கதிரை அபிராவுக்குப் போயிற்று. சேதி கேட்டு நான் வாழ்த்தினேன். (வாழ்த்தும்போது என் குரல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். என் கணவர் அதை நடித்துக் காட்டுவார்.) எனக்கு வேறோர் இடம் கிடைக்க அடுத்த வருடமாகியது. அது தொலைவிலுள்ள கூர் நகரத்தில். விடியவே ரயில் ஏறிப்போய்த்தான் நான் ‘அரை டொக்டர்’ ஆனேன். அங்கே தமிழர் வந்தால் முதலில் தலைச்சுற்றைப் பற்றித்தான் கேட்கிறேன். ஊர் எது என்று நாக்கின் நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். திலகா அக்காவின் தலைச்சுற்றுக்கு என்ன காரணம் என்று அபிரா இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். “அண்ணி, அது சொல்லக்கூடாதெண்டு உங்களுக்கே தெரியும்தானே” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அதுதான் ஆத்திரம்.

எங்கள் குடும்பத்தில் யாராவது பிள்ளை உண்டாகியிருக்கிறார் என்றால், இவர் உடனே கையை உயர்த்துவார்: “திகதியை மட்டும் இவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிரஷர் ஏறும்.”

போன வருடம் நிரோஷனுக்குக் கலியாணம். அழைப்பிதழ் தபாலில் வந்தது. முகூர்த்த நேரத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி: ‘அக்கா, எங்கட ஸிவில் மே மாசமே முடிஞ்சுது. தயவுசெய்து கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.’ இவர் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணிக்கு முதல் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

அபிராவுக்கும் தபாலில்தான் வந்ததா என்று மெல்ல விசாரித்தேன். இல்லையாம். திலகா அக்காவும் கனகு அண்ணையும் நேரில் போய்ச் சொன்னார்களாம். பலகாரத் தட்டோடு.