பாலத்தைப் பார்த்த டிவி

"ஏம்மா, மருமகளுக்கு நினைவு திரும்பிடுச்சா?"

மாடியில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், புது மேம்பாலத்து நெரிசலில் ஒரு பஸ் நின்றிருந்தது. வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் அதிலிருந்து எட்டி, அவள் வீட்டு டிவியில் ஓடிய சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீரியலில் மருமகள் மயங்கி விழுந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது.

"சீரியல் பாக்கத்தான் பஸ் ஏறினீங்களா?" என்று ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

அறை வெந்தது. வியர்வை புதுத் துணியில் சொட்டியது. ஜன்னலைத் திறந்து திரை போட்டாள்.

"அக்கா, திரைய விலக்குங்க!" என்று பஸ்ஸே சேர்ந்து கத்தியது.

டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். வசனமாவது காதில் விழட்டுமே என்று டிரைவர்கள் ஊர்ந்தார்கள். பின்னால் வண்டிகளின் வரிசை கண்ணுக்கெட்டாத தூரம் போனது.

வரிசை நீண்டதும் பாலத்து ஆபீஸிலிருந்து அளக்க ஆள் வந்தார். சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார்.

"இங்கதான் நெரிசல். பாலத்தை அகலமாக்கணும். திங்கக்கிழமை இந்த வீட்ட இடிச்சிடுவோம்."

"பாலம்தானே எங்க ஜன்னல்கிட்ட வந்துச்சு? நாங்களா அதுகிட்ட போனோம்?"

அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கணவர் மூட்டை கட்ட ஆரம்பித்தார். "பேசாம டிவிய வித்துடலாம். நெரிசல் கொறஞ்சா விட்டுடுவாங்க."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஜன்னல் வெளிச்சத்தில் கண் நோகத் தைத்துச் சம்பாதித்த வீடு.

"என் வீடு, என் டிவி. எவன் வர்றான்னு பாத்துடறேன்!"

டிவியைத் தூக்கிப் பாலத்தைப் பார்த்து வைத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது.

திங்கட்கிழமை கத்தரிக்கோலும் கையுமாக வாசலிலேயே நின்றாள். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை. மாடிக்கு ஓடினாள். வழக்கமான பஸ் வழக்கமான இடத்தில் நின்றிருந்தது.

"ஏம்ப்பா, இடிக்கிற வண்டி எங்கயாச்சும் மாட்டிக்கிச்சா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"அது வராதுக்கா. ஆபீஸ் காரை விட்டுட்டு தினமும் நம்ம பஸ்ல வர்றாரே கண்ணாடிக்காரர், அவர்தான் இந்தப் பாலத்துக்குப் பெரிய இன்ஜினியர். மருமகளுக்கு நினைவு திரும்பற வரைக்கும் உங்க வீட்டு செங்கல் மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டார்!"