நிறுத்துகிற பொத்தான்

வருகிற சனிக்கிழமை மஹ்ரூபைக் கரம் ஆட்டத்தில் தோற்கடித்தே தீருவது என்று பொன்னையா முடிவு கட்டினார். ஆறு வருஷமாகக் கட்டிவரும் முடிவுதான். ஆனால் இந்தத் தடவை முடிவோடு கூட ஒரு சர்க்கிட்டும் இருந்தது.

சங்கதி இதுதான். மஹய்யாவ ரோட்டோரத்தில் பொன்னையாவின் ரேடியோ, டிவி திருத்துகிற கடை. கடைக்குப் பின்னால் முப்பத்திரண்டு படி ஏறினால் வீடு. வீட்டில் நல்லம்மா. நல்லம்மாவுக்கு டவுன் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து தினம் பின்னேரம் இருநூறு இடியப்பத்துக்கு ஓர்டர். மாவு குழைப்பது அவள். இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிவது அவர். கொதிநீரில் குழைத்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது. ஆறினால் இறுகிவிடும். அதனால் மாவு பதத்துக்கு வந்ததும் நல்லம்மா குசினியில் ஒரு பொத்தானை அமுக்குவாள். கீழே கடையில் மணி அலறும். பொன்னையா கரம் போர்டை விட்டு எழும்புவார். பாதியில் எழும்பினவன் தோற்றவன் என்பது பக்கத்துப் பலசரக்குக் கடை மஹ்ரூப் போட்ட சட்டம்.

"மச்சான், நீ என்னோட தோக்கல்ல. ஒன்ட பொஞ்சாதியோட தோக்கிற" என்பார் மஹ்ரூப், சனிக்குச் சனி.

அந்த வருஷத்து மழையில் மணிப் பொத்தான் கெட்டது. உள்ளே இருந்த ஸ்பிரிங் துருவேறி ஒடிந்துபோயிற்று.

"என்னங்க, டவுன்ல புதுப் பொத்தான் ஒண்ணு வாங்கியாந்து போடுங்க."

"ஸ்பிரிங்கு, தகடு எல்லாம் அந்தக் காலம் நல்லம்மா. நான் இலத்திரனியல் போடப்போறேன்."

"அது என்ன பண்ணும்?"

"சும்மா தொட்டாப் போதும், கப்புனு பிடிச்சுக்கும். கையை எடுத்தாலும் மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அப்ப எப்பிடி நிக்கும்?"

"நிப்பாட்ட வேற பொத்தான். அது கடையில, என்கிட்ட."

நல்லம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. நிறுத்துகிற பொத்தானைத் தொட்டுவிட்டால் அப்புறம் அரைமணி நேரத்துக்கு, மேலே வீட்டிலிருந்து யார் என்ன செய்தாலும் மணி வாய் திறக்காது. அந்தச் சின்ன ஏற்பாட்டுக்காக மூன்று ராத்திரி கண்விழித்து ஈயம் உருக்கியிருந்தார்.

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் சூடேறிய நேரம், மணி அடித்தது. போர்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பொத்தானைப் பொன்னையா முழங்காலால் தொட்டார். மணி அடங்கியது. மஹ்ரூபின் முகமும் அடங்கியது. ஆறு வருஷத்தில் முதல் வெற்றி!

படி ஏறிப் போனால், நல்லம்மா கையை உதறிக்கொண்டு நின்றாள்.

"மணி அடிச்சுது, ஒடனே நின்னுபோச்சு. பொறகு தொட்டுத் தொட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல. கல்லாட்டம் ஆன மாவ நானே பிழிஞ்சேன்."

"சூடாகியிருக்கும். அதுக்கும் ஓய்வு வேணுமில்ல?"

"ஓ" என்றாள். அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை. பொன்னையா அப்போதே பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

அந்த வாரம் முழுக்க, அவர் உரலை அமுக்க அமுக்க, அவள் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு மூளைய எங்கங்க வச்சிருந்தீங்க? குசினிக் கதவுக்கு மேல இருக்கிற பெட்டிதானே எல்லாம்?"

"அதேதான். சிவப்பு வயரு ரெண்டும் மணிக்கு. வெள்ளை ரெண்டும் நிப்பாட்டுற பொத்தானுக்கு."

"கரண்ட் போனா நின்னுரும்ல?"

"நிக்கவா? பற்றரி வச்சிருக்கேன்டி!"

"வெள்ளை வயர் கழண்டு போனா?"

"அப்ப எமனே வந்தாலும் நிக்காது!" என்று மார்தட்டினார் பொன்னையா. வேலை தெரிந்தவனுக்குக் கேட்க ஒரு காது கிடைத்துவிட்டால் இப்படித்தான்.

அடுத்த சனி. பொன்னையாவுக்கு மிச்சம் ஒரே ஒரு வெள்ளைக் காய். அதுவும் குழிவாயில் உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரைக்கரை வைத்தார். மணி அடித்தது. முழங்காலால் தொட்டார். அடித்தது. முட்டினார். அடித்தது. குனிந்து கையால் அமுக்கினார். அடித்துக்கொண்டே இருந்தது. மெயின் சுவிட்சை இறக்கினார். லைட் அணைந்தது, மணி அணையவில்லை. பற்றரி! சிவப்பு வயரை வெட்டக் குறட்டைத் தேடினார். மேசையில் குறடு இல்லை. லாச்சியிலும் இல்லை.

ரோட்டில் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் வழியாகத் தலைகள் நீண்டன.

"எழும்பு மச்சான்," மஹ்ரூப் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார், "எழும்பு! நான் தோத்தாலும் பரவாயில்ல, காது பொளக்குது!"

பொன்னையா முப்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறினார். குசினியில் நல்லம்மா, இடுப்பில் சொருகிய குறட்டோடு, மாவை உரலில் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து வெள்ளை வயர் இரண்டும் அரிசிப்பெட்டிக்குப் பின்னால் எங்கேயோ போய் மறைந்தன.

"நீங்க சொன்னபடியேதான் மாத்திப் பூட்டினேன். சரியா இருக்கா, பாருங்க."

"சரியா இருக்குடி... அந்தப் பொத்தான் எங்க?"

"பிழிஞ்சு முடிங்க. நிப்பாட்டுறேன்."

இருநூறும் பிழிந்தார். கடைசித் தட்டை அவள் வாங்கிய பிறகுதான் மணி நின்றது. அந்த அமைதியில் வாசலில் ஒரு குரல் கேட்டது. மஹ்ரூபின் மனைவி றலியா.

"நல்லம்மா, எங்கட மனிசனுக்கும் இப்பிடி ஒண்டு பூட்டித் தா புள்ள. நிப்பாட்டுறது மட்டும் என்ட குசினிலதான் ஈக்கோணும்."

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் கரம் போர்டு சுவரில் சாய்ந்து நிற்கிறது. நல்லம்மாவின் இடுப்பில் குறடு. தெருவில் அவள் மணி பூட்டப் போகிற ஐந்தாவது வீடு இது. படி இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"என்னங்க, நான் வர நேரமாகும். மாவையும் நீங்களே குழைச்சிருங்க."