மண்ணுக்கு டிக்கெட் எடுத்தவர்

குமரி மாவட்டத்தில் மண்ணுக்குப் பஸ் டிக்கெட் எடுத்த மனிதர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். கொட்டாரம் பக்கம் நான் அதிகாரியாக இருந்த தென்னை நாற்றுப் பண்ணையில் தினக்கூலி. 'பிடிமண்' என்றால்தான் யாருக்கும் தெரியும்.

ஊர் மாறுகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புதுக் கோயில் கட்டுவார்கள் அல்லவா? அதையே அவர் தென்னைக்குச் செய்தார். பூதப்பாண்டியில் தன் வீட்டுக் கிழட்டுத் தென்னையின் வேரடி மண்ணைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, நாற்றுக்கு ஒரு பிடி வைப்பார். பஸ்ஸில் வாளிக்குத் தனி சீட். கண்டக்டர் முறைத்தால் அதற்கும் டிக்கெட். அவருடைய மதியச் சோறு துண்டில் முடிந்து வரும்.

"இதுல அப்படி என்னவே இருக்கு?" என்று கேட்டேன்.

"வேருக்கு எட்டாத சோத்த எடுத்துக் குடுக்க ஆளு இருக்கு சாரே. கண்ணுக்குத் தெரியாது."

"பேரு?"

"நீங்கதானே படிச்சது."

படித்திருந்தேன். வேரோடு கூடி வாழும் பூஞ்சை அது. நூல் போன்ற இழைகளை நீட்டி, பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தைக் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கும். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான்.

சுனாமிக்கு மறு வருடம் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. பண்ணை சுத்தமாகத் தெரிய வேண்டுமே என்று பாத்தி முழுக்கப் பூஞ்சைக்கொல்லி ஊற்றச் சொன்னேன். பிடிமண் குறுக்கே நின்றார்.

"சாரே, சோறு போடுத கைய வெட்டிராதிய."

நான் சிரித்தேன். நான் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

சில மாதங்களில் நாற்றுகள் முடங்கின. உரம் கொட்டியும் தேறவில்லை. கிணற்றடியில் மருந்து படாத ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக நின்றது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது, தினக்கூலி ஒருவர் கொண்டுவந்த அசுத்த மண்ணே காரணம் என்று எழுதினேன். கிணற்றடி வரிசையைப் பற்றி எழுதவில்லை. அவருக்கு வேலை போனது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

வாளியோடு வெளியேறும்போது, "கெணத்தடில நிக்கியதுக்குத் தண்ணி மறந்திராதிய சாரே" என்றார். மறந்துவிட்டேன்.

ஓய்வுபெற்று வீட்டில் நான் வைத்த தென்னம்பிள்ளை நான்கு வருடமாக முழங்கால் உயரம் தாண்டவில்லை. போன மாதம் வெட்கத்தை விட்டுப் பூதப்பாண்டிக்குப் போனேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவியிடம் நான் எழுதியதைச் சொன்னேன்.

"அவுகளுக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மாள். பிறகு அந்தப் பழைய வாளியை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, மரத்தடியைக் காட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் வாளி நிறைய மண்ணோடு ஏறி, இரண்டு டிக்கெட் கேட்டேன். கூட வருகிற ஆள் எங்கே என்றார் கண்டக்டர். ஜன்னலோரத்தைப் பிடிமண்ணுக்குக் கொடுத்திருந்தேன்.