அம்மா இல்லாத பிரிவு

அறிவிப்புப் பலகையில், கவுன்சிலிங் பட்டியலில் பதினாலாவது பெயர் பாப்பாவுடையது. பதினைந்தாவது பெயர் அவளுடைய அம்மாவுடையது.

"போச்சு!" என்று பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பாப்பாவுக்கு இருபது வயது. உளவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறாள். அம்மாவும் அதையேதான் முடித்திருக்கிறாள். இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் உழைத்துவிட்டு, "எனக்கும் படிக்கணும்னு ஆசை இருக்காதா?" என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மகளோடு சேர்ந்தவள். முதல் வாரமே, பயத்துக்கு ஓர் உதாரணம் கேட்ட பேராசிரியரிடம் எழுந்து நின்று, "எங்க பாப்பா பத்து வயசு வரைக்கும் கக்கூஸ்ல ஃப்ளஷ் சத்தம் கேட்டா அழுவா சார்" என்றாள். பாப்பா திரும்பி முறைத்த முறைப்பில் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து வாட்ச்மேன் உட்பட யாருக்கும் மகளின் நிஜப் பெயர் ஞாபகமில்லை.

இதுவரை வேறு துறையினரும் சேர்ந்த நூறு பேர் வகுப்பு. ஒரு மூலையில் பதுங்கிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டு அப்படி இல்லை. கவுன்சிலிங், குழந்தை வளர்ச்சி, நரம்பியல் என்று மூன்றே பிரிவுகள். பிரிவுக்கு அதிகபட்சம் பதினைந்து பேர், ஒரே மேஜை, நாள் முழுக்கப் பேச்சு. பாப்பாவுக்குக் கவுன்சிலிங்தான் உயிர். மேற்படிப்புக்கும் அதுதான் வேண்டும்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. விரும்பும் பிரிவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை கிளார்க் பட்டியல் ஒட்டுவார். மாற்ற நினைப்பவர்கள் திங்களுக்குள் புதுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வெள்ளி அடுத்த பட்டியல். மூன்றாவதுதான் கடைசி.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"நீ கவுன்சிலிங்தானே? அதுலயே இரு. உனக்கு அதான் பொருத்தம்."

"நீயும் அதானேம்மா?"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அம்மா தட்டோடு எழுந்துவிட்டாள்.

அம்மா தன்னை நகரவிடாமல் கட்டிப்போடப் பார்க்கிறாள் என்று பாப்பாவுக்குத் தோன்றியது. திங்களன்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு 'குழந்தை வளர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பார்த்தால், குழந்தை வளர்ச்சியில் இருவர் பெயரும் இருந்தன. அதுவும் குழந்தை வளர்ச்சியில்! ஃப்ளஷ் கதை வெறும் முன்னுரை என்பது பாப்பாவுக்குத்தான் தெரியும்.

"நீ ஏன்டி மாத்தினே?" என்றாள் அம்மா. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நீ ஏன்மா மாத்தினே?"

"சும்மாதான்."

"நானும் சும்மாதான்."

இரண்டு வருடம் மனித மனதைப் படித்த இருவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

கவுன்சிலிங்குக்குத் திரும்பினால் அம்மாவும் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று பாப்பா பயந்தாள். மீதி இருந்தது நரம்பியல் ஒன்றுதான். அதில் வாரம் ஆறு மணி நேரம் புள்ளியியல். பாப்பா புள்ளியியலை இரண்டாவது முயற்சியில், எல்லைக்கோட்டில் நின்று தேறியவள். ஆனால் அதே பிரிவில் ஆய்வக எலிகளும் உண்டு. சமையலறையில் ஒரு சுண்டெலி ஓடியதற்கு இரண்டு மணி நேரம் கட்டிலைவிட்டு இறங்காதவள் அம்மா. எலி இருக்கும் வாசலை அவள் மிதிக்கவே மாட்டாள். பாப்பா அழாத குறையாகச் சீட்டை எழுதிக் கொடுத்தாள்.

கடைசி வெள்ளி. நரம்பியலில் மொத்தமே ஆறு பேர். ஐந்தாவது பாப்பா. ஆறாவது அம்மா.

பாப்பா கிளார்க்கின் மேஜைக்கு ஓடினாள்.

"சார், என்னைத் திரும்பக் கவுன்சிலிங்ல போட்டுடுங்க, ப்ளீஸ்!"

"அது நிறைஞ்சு போச்சு பாப்பா. இனிமே யாரையும் மாத்த முடியாது."

"எங்கம்மா என்னை விடாம துரத்துறாங்க சார்! எலின்னாலே அலறுவாங்க. அவங்களுக்கு இங்க என்ன வேலை?"

கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"துரத்துறாங்களா? மூணு சீட்டும் என் கையிலதான் குடுத்தாங்க. கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? 'எலி கடிச்சாலும் பரவாயில்ல, நரம்பியல்லயே போடுங்க சார். அதுல கணக்கு இருக்கு, என் பொண்ணு அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டா!'"