சந்தா அண்ணையின் இரண்டாவது ஆள்

புலம்பெயர்ந்து ஸ்காபரோவில் உள்ள தமிழர்களிலே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிய முதல் மனிதர் சந்தா அண்ணைதான். அவருக்குப் பிறகு வேறு யாராவது வாங்கினார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் நான்; முழுக்க முழுக்க எரிச்சலில் வைத்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கு அவர் வீட்டாரே கொஞ்சம் யோசிப்பார்கள்.

டோர்செட் பார்க்கில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த அறை. இருவருக்கும் ஒரே தொழில். கலியாண அட்டை, பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டு அட்டை, செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலர். நல்லதோ கெட்டதோ, தமிழன் எங்கள் படியேறித்தான் ஆக வேண்டும். ஏறியவன் இடப்பக்கம் திரும்பினால் நான், வலப்பக்கம் திரும்பினால் அவர். எல்லாரும் வலப்பக்கம்தான் திரும்பினார்கள்.

மென்பொருள் விஷயத்தில் அப்போது எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவன் எங்கிருந்தோ ஒரு சீடி கொண்டுவருவான். அது ரெக்ஸ்டேலுக்குப் போகும், அஜின்கோர்ட்டுக்குப் போகும், மிளகாய்த்தூள் பார்சலோடு வீடு வீடாகப் போய், குட்டி போட்டுத் திரும்பி வரும். சந்தா அண்ணை மட்டும் எல்லாவற்றுக்கும் வருடச் சந்தா கட்டினார். படம் திருத்துகிற மென்பொருளுக்கு, வைரஸ் தடுக்கிறதுக்கு, கணக்கு எழுதுகிறதுக்கு. உங்களுக்கென்ன பைத்தியமோ என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஐசே, நான் சுயதொழில்காரன். தொழிலுக்குப் பாவிக்கிற மென்பொருளின்ரை சந்தா வரிக்கு முழுக்கச் செலவுக் கணக்கிலை கழியும். நீர் உம்மடை கள்ளச் சீடியை எந்தக் கணக்கிலை காட்டுவீர்?”

பிளாசாவில் எல்லாரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் வாயில் மட்டும் அது வராது. எப்போதும், வெளியாளைக் கூப்பிடுகிற அந்த ஐசேதான். இதுவும் என் எரிச்சலில் சேர்ந்துகொண்டது.

சந்தா புதுப்பிக்கிற நாள் அவருக்குத் திருவிழா. கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். பிளாசா முழுக்க உழுந்து வடை கொடுப்பார். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாப்பாட்டுச் செலவில் பாதியைத்தான் வரிக்காரர் ஏற்றுக்கொள்வார்களாம், ஆகவே ஆளுக்கு அரை வடை. ஸ்காபரோ வரலாற்றில் வடைக்குப் பில் கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான். கீழே வடை விற்கிற கடைக்காரர் பில் புத்தகம் அடித்ததே இவருக்காகத்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் வயிறு எரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் பாவித்தது யாரோ களவாக உடைத்த சோதனைப் பதிப்பு. ஒரு கலியாண அட்டையிலே மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் குறுக்கே, காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சாம்பல் நிறமாக விழுந்துவிட்டது. அச்சடித்து, கவரில் போட்டு, பாதி ஊருக்குக் கொடுத்த பிறகுதான் பெண்ணின் தகப்பன் கண்டார். அவர் மேல்மாடிக்கு வந்தார். நேரே வலப்பக்கம் திரும்பினார்.

எங்கள் இருவருக்கும் வருமான வரிக் கணக்குப் பார்ப்பது அஜின்கோர்ட் ரதி அன்ரி. அவர் பங்குக்கு அவரும் ஒவ்வொரு வருடமும், “உவரைப் பாத்துப் பழகும்” என்பார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் நான், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் இடம் வந்தவன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன்.

இதற்குள்ளே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. படம் திருத்துகிற மென்பொருளுக்கு அவர் கட்டியது இரண்டு பேர் பாவிக்கிற சந்தா. அவருக்கோ வேலையாள் கிடையாது. இரண்டாவது இடம் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. அது மட்டும் கிடைத்தால் என் கடையை இழுத்து மூடாமல் காப்பாற்றிக்கொள்ளலாம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அதுக்கு ஆளிருக்கு” என்றார்.

“ஆர் அண்ணை?”

“வருவான்.”

ஒருவனும் வரவில்லை. ரெக்ஸ்டேல் பக்கம் பெரிய கெட்டிக்காரன் ஒருவனை ஒளித்துவைத்து வேலை வாங்குகிறார் என்று முடிவு கட்டினேன். முகம் தெரியாத அந்த ஆள் மேல் எனக்கு வந்த பொறாமைக்கு அளவே இல்லை. என் இடத்தில் அவன் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்தேன்.

பிறகு ஊரில் சண்டையின் கடைசி மாதங்கள் வந்தன. கலியாண அட்டை கேட்டு யாரும் படியேறவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்டவுன் ரோட்டில் பிடித்துக்கொண்டு நிற்கப் பதாகைதான் கேட்டார்கள். இருவரும் கூலி வாங்காமல் செய்து கொடுத்தோம். அவர் எழுத்து தூரத்தில் நின்றாலும் பளிச்சென்று தெரிந்தது, என் எழுத்தின் ஓரமெல்லாம் அரிவாள் பல்லு. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது, என்ன செய்வது. மே மாதம் எல்லாம் முடிந்தது. பிளாசாவில் ரேடியோவைக்கூட யாரும் போடவில்லை.

ஆனால் வரிக்காரருக்கு எதுவும் முடியவில்லை. சுயதொழில்காரர் ஜூன் நடுப்பகுதிக்குள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ரதி அன்ரியின் மேசைக்கு முன்னால் சந்தா அண்ணை இருந்தார், பின்னால் முறை பார்த்துக்கொண்டு நான். இரண்டு பேருக்கான சந்தாவைப் பார்த்த அன்ரி, இரண்டாவது ஆள் தொழிலுக்கு வேலை செய்கிறவரா என்று கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இல்லை. அந்தப் பாதியைக் கழிக்காதேங்கோ” என்றார் சந்தா அண்ணை. “அது என்ரை தம்பி குகன்ரை பேரிலை கிடக்கு. கிளிநொச்சியிலை ஸ்ரூடியோ வைச்சிருந்தவன். இஞ்சை வந்தவுடனை வேலை தொடங்க வேணுமெல்லோ, அதுதான்.”

குகனோடு கடைசியாக எப்போது கதைத்தது என்று அன்ரி மெல்லக் கேட்டார். தைப்பொங்கலுக்கு முன்னம் என்றார். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரை வடையைக்கூடக் கழிக்காமல் விடாத மனிதர் அந்தப் பாதியை விட்டுவிட்டு, என்னைக் கடந்து வெளியே போனார். என் பொறாமைக்கு நிற்க இடமில்லாமல் போனது.

போனது என்று சொன்னேனே தவிர, அது லேசில் போகிற சாமான் இல்லை. அடுத்த மாரியில், பனி கொட்டுகிற நேரம், சந்தா அண்ணைக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பார்க்கப் போனேன். மூக்கில் குழாய், கையில் ஊசி. டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

“ஐசே, நாளையோடை சந்தா முடியுது. கட்டாட்டி அவன்ரை பேர் அழிஞ்சுபோம்” என்று அறைச் சாவியை என் கையில் வைத்து அமுக்கினார்.

முதல் தடவையாக நானும் வலப்பக்கம் திரும்பினேன். அவர் கதிரையில் உட்கார்ந்து கணினியைப் போட்டேன். புதுப்பிக்கிற பக்கம் வந்தது. முதலாவது ஆளின் பெயரை அதுவே போட்டுக்கொண்டது. இரண்டாவது ஆளின் பெயரை ஒவ்வொரு வருடமும் புதிதாக அடிக்க வேண்டுமாம், அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இவ்வளவு வருடமும் நான் ஏங்கிய இடம். உண்மையைச் சொன்னால், என் விரல் என் பெயரின் முதல் எழுத்தில்தான் போய் நின்றது. அவருக்குத் தெரியவும் வராது. நான் முகம் தெரியாத அந்தக் குகனை மனதாரத் திட்டினேன். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே ஒருவனுக்கு வருடா வருடம் இடம் பிடித்துவைக்கிற அண்ணன் வாய்த்திருக்கிறானே, எனக்கு யார் இருக்கிறார்கள்?

திட்டி முடித்துவிட்டு, குகன் என்று அடித்தேன். என்னுடைய கார்டில் கட்டினேன்.

சந்தா அண்ணை மெலிந்துபோய் வந்தார். வந்ததும் கணினியைப் போட்டு அந்தப் பெயரைப் பார்த்தார். எழுந்துபோய் கீழே கடையில் வடை வாங்கிக்கொண்டு, படிகளில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறி, இடப்பக்கம் திரும்பி என் அறைக்குள் வந்தார். என் மேசையில் முழு வடையாக இரண்டு வைத்தார்.

“மற்றது ஆருக்கு அண்ணை?”

“குகன்ரை. நீரே சாப்பிடும், தம்பி.”

சாப்பிட்டேன். அந்த வடைக்கு அவர் பில் வாங்கவில்லை.