மாட்டுக்கென்று கேட்ட கதிர்

பொறாமைக்கு மாத்திரை வந்தால் முதல் அட்டை எனக்குத்தான் வேண்டும். (இரண்டு அட்டை என்கிறாள் மனைவி.)

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. குண்டடத்தில் கொஞ்சம் சோளக் காடு. வேலிக்கு அந்தப்பக்கம் மனைவியின் தங்கை கணவன் செல்வராசுவின் காடு. என் மக்காச்சோளம் வருஷா வருஷம் திட்டுத்திட்டாக வெளிறி முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். மண்ணிலேயே தங்கியிருக்கும் வைரஸ், வேர் வழியாக ஏறுகிறது, மருந்து கிடையாது என்று வேளாண் அலுவலர் கையை விரித்துவிட்டார். அதே மண்ணில் செல்வராசுவின் பயிர் மட்டும் ஆள் உயரம் தாண்டிக் கரும்பச்சையாக நின்றது. நோய் தாங்கும் ஒட்டு ரகமாம். எனக்கு வயிறு எரிந்தது.

மாமனார் வேறு எண்ணெய் ஊற்றினார். "அடுத்த வெள்ளாமை யாருது நல்லா வருதோ, என்ற கெணத்துக் காட்டை அவிய பாத்துக்கட்டும்."

கிணற்றுக் காட்டுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன், செல்வராசுவிடம் விதை கேட்பதைத் தவிர. அவன் களத்தில் கதிர் குவிந்திருந்த அன்று போய் நின்றேன்.

"ஒரு மூட்டை கதிர் குடு செல்வராசு, மாட்டுக்கு."

"உங்க ஊட்ல ஏதுங்கண்ணா மாடு?"

"வாங்கப் போறேன்."

பாவி, இரண்டு மூட்டையாக வண்டியில் ஏற்றிவிட்டான். சொன்ன வாய்க்காக ஊத்துக்குளி போய் ஒரு மாட்டையும் வாங்கிக் கட்டினேன். அதன் கண்ணில் ஒரு கதிரைக்கூடக் காட்டவில்லை. எல்லாவற்றையும் உதிர்த்து விதைத்தேன்.

நன்றாகத்தான் முளைத்தது. பிறகு ஷிப்மெண்ட் நெருக்கடியில் காட்டுப்பக்கமே போகவில்லை. கதிர் பிடிக்கும் சமயம் மாமனாரை நானே காரில் அழைத்துப் போனேன். (வேடிக்கை பார்க்கச் செல்வராசுவையும் வரச் சொல்லியிருந்தேன்.)

ஒரு செடி என் தலைக்கு மேல். பக்கத்துச் செடி இடுப்புக்கு. அதற்கடுத்தது மஞ்சள் பாய்ந்து முழங்காலுக்கு.

"ஏனுங் மாப்ள," என்றார் மாமனார், "கம்பெனியாட்டமே ஸ்மால், மீடியம், எக்ஸெல்னு எல்லாச் சைசும் போட்டிருக்கறீங்க?"

செல்வராசு ஓர் இலையைத் தடவிப் பார்த்தான். "அண்ணா, இது நான் குடுத்த கதிருங்களா? ஒட்டு ரகத்துக் கதிரை மறுக்கா வெதச்சா செடிக்குச் செடி மாறிப் போயிருமுங்க. நோயைத் தாங்கற கொணம் சிலதுக்கு வரும், சிலதுக்கு வராது. கேட்டிருந்தா புது வெதையே வாங்கிக் குடுத்திருப்பனுங்களே!" அவன் உண்மையாகவே வருத்தப்பட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிணற்றுக் காடு அவனுக்குப் போனது. என் பயிர் முழுவதும் சோளத்தட்டோடு மாட்டுக்குப் போனது.

"எங்க ஊட்டுக்காரரு பொய்யே சொல்ல மாட்டாருங்க. மாட்டுக்குன்னு வாங்கினாரு, மாட்டுக்கே போட்டாரு" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் மனைவி ஆரம்பிப்பாள். பந்தியே சிரிக்கும், செல்வராசுவைத் தவிர. அவனுடைய அந்த நல்ல குணத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.